பாலைவனத்தில் ஒரு கலைவிழா

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அமெரிக்காவிலே சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு என்னை இம்மேடையில் ஏற்றிவிட்டார்கள். வானளாவும் மாளிகைகளைப் பற்றி நான் பேசுவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப்போவதோ, ஆண்டிலே ஒரு வாரம் மட்டும் இருந்து, பின்னர் இருந்த இடமே தெரியாமல் மறைந்துபோகும் ஒரு நகரத்தைப் பற்றியாகும்.

நெவாடா மாநிலத்தின் வடபகுதியிலே பிளாக் றொக் என்றொரு பாலைவனம் உண்டு. பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளை எண்ணிவிடாதீர்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு பேரேரியின் அடித்தளம் அது. புல் இல்லை, பூண்டு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்களர் நிலம். அந்த உவர்த்தூசி பட்டால் பாதம் வெடிக்கும். வினாகிரி கலந்த நீரால் கழுவிக் கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட இடத்திலேதான் ஆகஸ்டு மாத இறுதியில் எழுபதினாயிரம் பேர் வரையிற் கூடி, 'பேர்னிங் மான்' என்னும் கலைவிழாவை நடத்துகிறார்கள். 'எரியும் மனிதன்' என்பது அப்பெயரின் பொருள்.

இதன் தொடக்கம் மிக எளியது. 1986ஆம் ஆண்டு, சன் பிரான்சிஸ்கோ நகரத்துக் கடற்கரை ஒன்றிலே, லாரி ஹார்வி, ஜெரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் எட்டடி உயரமான மர உருவமொன்றைச் செய்து எரித்தார்கள். சுற்றி நின்றவர்கள் ஒருசிலரே. ஆண்டுதோறும் கூட்டம் பெருகிற்று. 1990இல் கடற்கரையில் எரிக்கக் கூடாதென்று பொலிசார் தடுக்கவே, உருவத்தைப் பாலைவனத்துக்குக் கொண்டுசென்றார்கள். அன்றுதொட்டு விழா பெரும்பாலும் அங்கேயே நடைபெறுகின்றது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021ஆம் ஆண்டுகளில் மட்டும் முறைப்படியான விழா நடைபெறவில்லை.

2023ஆம் ஆண்டு நண்பர் ஒருவர் என்னையும் அழைத்துச் சென்றார். அரைவட்டம் அரைவட்டமாக வீதிகள் அமைத்து, கடிகாரத்தின் மணிகளைக் குறுக்கு வீதிகளுக்குப் பெயராக இட்டிருந்தார்கள். நடுவெளியிலே மரத்தாலும் இரும்பாலும் ஆன மாபெரும் சிற்பங்கள். மீனாகவும் பறவையாகவும் உருமாறிய மோட்டார் வண்டிகள். இரவானால் எங்கும் விளக்கு, எங்கும் இசை. கழுத்திலே கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, துவிச்சக்கர வண்டியொன்றில் நானும் வாய்பிளந்து சுற்றினேன்.

முதல்நாள் உச்சிவெயிலிலே ஒரு மூதாட்டி என்னை மறித்து, குளிர்ந்த எலுமிச்சம்பழச் சாறு ஒரு கோப்பை தந்தார். குடித்துவிட்டுச் சட்டைப்பையிற் கையை விட்டேன். அவர் சிரித்தார். "இங்கே அது செல்லாது, தம்பி. உன்னிடம் இருப்பதை வேறு யாருக்காவது கொடு" என்றார். அந்நகரத்தின் சட்டம் அதுவே. குளிரூட்டுதற்குரிய பனிக்கட்டியைத் தவிர, பொதுவாக அங்கே எதுவும் விற்கப்படுவதில்லை, பண்டமாற்றும் இல்லை, கொடுப்பது மட்டுமே உண்டு. லாரி ஹார்வி 2004ஆம் ஆண்டில் எழுதிய பத்துக் கொள்கைகளுள் இஃது ஒன்று. வந்தவரெல்லாம் பங்காளராக வேண்டும், வெறும் பார்வையாளர் கூடாது என்பது மற்றொன்று.

மூதாட்டியின் சொல் என்னைச் சுட்டது. எனக்கு வேண்டிய தண்ணீர், உணவு, கூடாரம் எல்லாவற்றையும் எண்ணிக் கொண்டுபோயிருந்தேன். பிறருக்குக் கொடுக்க ஒரு பொருளும் கொண்டுபோகவில்லை. அத்தனை பெரிய ஊரிலே நான் ஒருவனே பிச்சைக்காரன் போலத் தோன்றிற்று.

செப்டம்பர் முதலாந் திகதி மழை பிடித்தது. நம் ஐப்பசி மழையோடு ஒப்பிட்டால் அது பெருமழை அன்று. ஆயினும், அந்தக் களர்நிலம் நனைந்ததும் பசையாகிவிட்டது. துவிச்சக்கர வண்டிகளின் சில்லுகள் உருளவில்லை. சப்பாத்துகள் யானைக்கால் போலப் பருத்தன. வாயில்களை மூடிவிட்டார்கள். வண்டி ஓட்டக் கூடாது, உணவையும் நீரையும் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று அறிவித்தார்கள். கழிவு வண்டிகளும் உள்ளே வர இயலவில்லை. எழுபதினாயிரம் பேர் சேற்றில் அகப்பட்டோம்.

அடிபிடி நடக்கும், கையில் உள்ளதை ஒளிப்பார்கள் என்றுதான் நான் எண்ணினேன். நான் கண்டதோ வேறு. எங்கள் வீதியிலே உணவு வைத்திருந்தோர் பொது அடுப்பு மூட்டினார்கள். கூடாரம் சரிந்தவர்களைப் பக்கத்தார் அழைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் என் பெட்டியின் அடியிற் கிடந்த தேயிலைப் பொதி நினைவுக்கு வந்தது. என் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய தேயிலை. காஸ் அடுப்பிலே இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் வைத்து, குளிரில் நடுங்கியவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இரண்டு நாட்கள் அந்த வீதிக்கு நானே தேநீர்க்காரன். இளைஞர்களே, கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது எனக்கு என் ஊராயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே கோயில் என்று ஒரு மர மண்டபம் ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றது. அது எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. 2000ஆம் ஆண்டில் டேவிட் பெஸ்ட் என்னும் சிற்பி ஒரு மண்டபம் அமைக்க முனைந்தபோது, அவருடைய இளம் தோழர் ஒருவர் விபத்தில் இறந்தார். மண்டபம் அவருடைய நினைவிடமாயிற்று. வந்தவர்கள் தத்தம் பிரிவுகளையும் அதன் மரத்திலே எழுதினார்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிலைத்திருக்கின்றது. இறுதியில் அக்கோயிலையும் எரித்துவிடுவார்கள்.

என் தகப்பனார் 2021ஆம் ஆண்டு காலமானார். பெருந்தொற்றுக் காலமாதலால் என்னால் வர முடியவில்லை. மூத்த மகனாகிய நான் கொள்ளி வைக்கவில்லை. அக்கோயிலின் மரச்சட்டம் ஒன்றிலே அவருடைய பெயரைத் தமிழில் எழுதினேன். அந்தத் தீயையாவது நின்று பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். மழையினால் எல்லாம் பின்போயிற்று. மனிதனைத் திங்கள் இரவு எரித்தார்கள். கோயிலைச் செவ்வாய் இரவுக்கு ஒத்திவைத்தார்கள். என் நண்பர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. திங்கள் இரவே புறப்பட வேண்டியதாயிற்று.

பக்கத்துக் கூடாரத்திலே ஒரு தச்சர் இருந்தார்; என் தேநீரைக் குடித்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். "உம்முடைய தந்தையின் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டும், நான் அந்தப் பக்கத்திலே நிற்கிறேன்" என்றார். நின்றார். மறுநாள் இரவு ஒரு வரி எழுதி அனுப்பினார்: கோயில் விழுந்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தகப்பனாருடைய பெயரை அவரால் வாசிக்கவும் முடியாது.

குறை இல்லாத விழா என்று சொல்ல வரவில்லை. விற்பனை இல்லாத அவ்வூருக்குள் நுழையும் சீட்டின் விலை ஐந்நூறு டொலருக்கு மேல். குளிரூட்டிய வண்டிகளில் கூலிக்குச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு வரும் செல்வந்தரும் உளர். 2019ஆம் ஆண்டில் நிருவாகத்தினரே இக்குறையை வெளிப்படையாகக் கண்டித்தனர். எழுபதினாயிரம் பேர் வந்துபோக எரியும் எரிபொருளுக்கும் கணக்குண்டு.

ஆயினும் ஒரு காட்சியை நான் மறவேன். புறப்படுமுன் அத்தச்சர் சேற்றிலே குந்தியிருந்து ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்நிலம் அரசாங்க நிலம். விழா முடிந்தபின் தொண்டர்கள் வாரக்கணக்கில் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குவார்கள். பின்னர் அரசாங்க அலுவலர் வந்து அளப்பர். ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேற் குப்பை இருத்தல் ஆகாது. இந்த அளவு தவறினால் அடுத்த விழாவுக்கே இடையூறு.

நம் கோயில்களிலே சொக்கப்பனை எரிவதைச் சிறுவயது முதல் பார்த்தவர்கள் நாம். தீ அடங்கியதும் வீடு திரும்புவோம். மறுநாட் காலையில் அந்த வீதியை யார் கூட்டினார் என்று நாம் கேட்டதுண்டா? இன்று இரவு இவ்விழா முடியும்போது இந்த மண்டபத்திலே காகிதமும் கோப்பைகளும் கிடக்கும். நான் ஒரு விளக்குமாறு கொண்டுவந்திருக்கிறேன். கூட வருகிறவர்கள் வாருங்கள்.