வாசலில் இறக்கிவிடும் நண்பர்கள்



பட்டணத்துத் தெருச்சண்டையில் கத்திக்குத்துப்பட்ட வாலிபர்கள் சிலரை அவர்களுடைய கூட்டாளிகளே ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள். அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் மறைந்துவிடுகிறார்கள். எப்போது குத்துப்பட்டது, கத்தியைப் பிடுங்கினார்களா, வழியில் எவ்வளவு இரத்தம் போயிற்று என்று கேட்க ஆளில்லை. தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தவனுக்குச் சில நிமிடங்களே உண்டு.

போலீசுக்குப் பயம்தான் காரணம். ஆனால் போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. நம் சபைகளிலேயே இதை எத்தனைபேர் அறிவோம்?

அந்தக் கூட்டங்களில் 'அப்ரூவர்' என்பது பெரிய வசைச்சொல், யூதாஸுக்குச் சமம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. யூதாஸ் காசு வாங்கினான். அப்ரூவர் ஆகிறவனோ, முன்பே ஜாமீனில் இல்லாவிட்டால், மன்னிப்புக் கிடைத்தும் விசாரணை முடியும்வரை சட்டப்படி சிறையில்தான் இருக்கவேண்டும். தண்டனைக்குப் பயந்து பேசுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

வாசலில் விட்டு ஓடுகிறவன் எங்களுக்குப் பேதுருவையே நினைப்பூட்டுகிறான். பேதுரு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நெருப்பருகே நின்று, தெரியாது என்றான், அவ்வளவுதான். ஆனாலும் அவன் மனங்கசந்து அழுதான்.

இரண்டொரு நாள் கழித்து வாட்ச்மேனிடம், "அண்ணே, அவன் பிழைச்சுட்டானா?" என்று மெதுவாக விசாரிக்கிறவர்கள் உண்டு. அவர்களை வார்டுக்குள் அழைத்துப்போய், படுக்கையருகே நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம்.