ஸ்கேட்டிங் ஷூ: வளர்ற காலுக்குப் பெரிதாக வாங்கலாமா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். நம் பிள்ளைகளும் ஸ்கேட்டிங் ஷூ கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். வாங்கும் முறைதான் முக்கியம்.

“வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம்” என்பது யூனிஃபார்முக்குச் சரி. ஸ்கேட்டிங் ஷூவுக்கு ஆகாது. உள்ளே கால் வழுக்கினால் குதிகால் தூக்கும், கணுக்கால் மடங்கும், பிள்ளை விழும். இரண்டு தடவை விழுந்தால் ஷூ பரணுக்குப் போய்விடும். வங்கி பாஷையில் சொன்னால் வராக்கடன்!

ராஜபாளையத்தில் பனி ஏது? லடாக்கில் உண்டு. அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் போடும் ஷூ, சாதாரண ஷூவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் சிறிதாகவே இருக்கும். காலோடு ஒட்டி நின்றால்தான் கட்டுப்பாடு கிடைக்கும். நம் சிமெண்ட் தரைக்கும் அதே நியாயம்தான்.

அதனால் சைஸ் எண்ணை நம்பாதீர்கள். சென்டிமீட்டரில் அளங்கள். சாயங்காலம், மெல்லிய சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின்மேல் பிள்ளையை நிறுத்தி, நீளமான விரல் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள். கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவையே ருசி பார்த்துத்தான் வாங்குகிறோம். ஷூவையும் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கவே கூடாது. ஆன்லைனில் வாங்கினால், திருப்பி எடுப்பார்களா என்று முதலில் பாருங்கள்.

வளர்ற காலுக்கு, நீளம் கூட்டிக் குறைக்கும் மாடல் இருக்கிறது. இன்றைய அளவு அதன் மிகச் சிறிய நிலைக்குப் பொருந்தினால் லாபம். கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கும். பாலியூரித்தேன் சக்கரம் தரையைப் பிடிக்கும். ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்களுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மீதியில் ஷூ வாங்குங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. சிறிதாகிப்போன ஷூவின் சென்டிமீட்டர் அளவை நம் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். சக்கரமும் பிரேக்கும் தேயாமல் இருந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.