பதினாறு புளியங்கொட்டைகள்

(கல்வராயன்மலையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "சார், எலும்பு முறிஞ்சு தகடு வெச்ச இடத்துல அம்மாவுக்கு மறுபடி வீங்கியிருக்கு. கதிரியக்க ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கணுமாம். ஆயா பயப்படுது. போடலாமா சார்?"

அரை ஆயுட்காலக் கணக்குகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டவன் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

படித்துவிட்டு மறுநாள் சொன்னேன். எலும்பு ஸ்கேனில் பெரும்பாலும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். "24 மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சும்?" மாணவர்களே கணக்கிட்டார்கள்: பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரிலும் ஒரு பகுதி வெளியேறுவதால் உடலில் இருப்பது இன்னும் குறைவு.

"கிருமி இருக்குற இடம் அதுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றான் ஒருவன். டெக்னீசியத்துக்குத் தெரியாது, அதைச் சுமந்து செல்லும் பொருளே வழிகாட்டி. எலும்பு ஸ்கேனில் அந்தப் பொருள், புது எலும்பு உருவாகும் இடத்தில் சேரும். அது முறிவு ஆறுவதாலா, கிருமித் தொற்றாலா என்று அதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

எனவே 1990களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை ஆய்வாளர்கள், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிரியுடன் டெக்னீசியத்தைப் பிணைத்தார்கள். பாக்டீரியாவின் டி.என்.ஏ. நொதியைப் பற்றும் மருந்து அது. ஆகவே தொற்றுள்ள இடம் மட்டும் காமா கேமராவில் தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். தில்லியின் இன்மாஸ் நிறுவனமும் இதில் ஆய்வு செய்தது. ஆனால் கிருமியில்லாத வீக்கத்திலும் அது சேர்வதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதனால் அது பரவலான வழக்கத்துக்கு வரவில்லை. இதையும் மறைக்காமல் சொன்னேன். அறிவியலில் எதிர்பார்ப்பு பொய்ப்பதும் பாடம்தானே!

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும், முடிவெடுக்க வேண்டியவர்கள் மருத்துவரும் குடும்பத்தாரும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த மாணவி, ஆயாவுக்கு விளக்கிய விதத்தை வகுப்பில் செய்து காட்டினாள். பதினாறு புளியங்கொட்டைகளைப் பரப்பினாள். "ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிய எடுத்துடணும்." எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. ஆயா அந்த ஒற்றைக் கொட்டையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? சரி, போட்டுக்கட்டும்" என்றாராம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, பாதியாக்கலை நீங்களும் புளியங்கொட்டையில் தொடங்குங்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகள் எங்களிடம் வரும்போது, வாய்பாட்டுக்கு முன் கொட்டைகளை நாங்கள் எடுக்கிறோம்.