ஈட்டி மரமும் நம்ம பட்டாவும்



தோதகத்தி, ஈட்டி என்று நாம சொல்ற மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து, ஏழு வட்ட இலைகள்; நுனியில் சின்னப் பள்ளம். தட்டைக் காய்க்குள்ளே ஒரு சில விதை. வேரிலிருந்தும் கன்று கிளம்பும். வெளிக்கட்டை வெளுப்பு, உள்ளே கருஞ்சிவப்பு வைரம், சீவினால் வாசனை. அந்த வைரம் பாய ஒரு தலைமுறை போதாது. வியாபாரி கண் அதுமேலதான்!

வயநாட்டு முட்டிலில் நடந்ததைப் பாருங்க. பட்டா நிலத்து மரங்களைப் பற்றி கேரள அரசு 2020 அக்டோபரில் ஓர் ஆணை போட்டது. 2021 பிப்ரவரியில் ரத்து செய்தது. அந்த இடைவெளியில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி சாய்ந்தது. அங்கே பட்டா கொடுத்தபோதே ஈட்டியை அரசு தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. அதை மறைத்து, 'பர்மிட் எங்க பொறுப்பு' என்று சொல்லி ஆதிவாசிகளையும் சிறு விவசாயிகளையும் ஏமாற்றியதாகத்தான் வழக்கு. மரம் லாரியில் போச்சு. அபராத நோட்டீஸ் மட்டும் நிலத்துக்காரர் வாசலுக்கு வந்தது! இது என்ன நியாயம்?

நாங்கள் கேட்பது இரண்டு. பட்டாவில் நிற்கிற மரம் யார் கணக்கு என்று எழுத்தில் கொடு! பொய் சொல்லி வெட்டினவனிடம் அபராதத்தை வசூல் செய்!

அதுவரை எவன் முன்பணம் நீட்டினாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க. சங்கத்துக்கு வாங்க, சேர்ந்தே போய் அதிகாரியைக் கேட்போம்.