கட்டடத்தின் உண்மைக் கணக்கு

(கப்பலூரில் கூடிய சங்க மாதக் கூட்டத்தில் கட்டடக் குழுவினர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐப்பசி முடிவில் கூடிய கூட்டத்தில் நம் மாணவியர் விடுதியின் வரவு செலவு வாசிக்கப்பட்டது. முதல் ஐந்து மாதத்திற்கென வகுத்த 50 இலட்ச ரூபாயில் 48 இலட்சமே செலவாயிற்று என்று கேட்டு நீங்கள் யாவரும் கையொலி செய்தீர்கள். 2 இலட்சம் மிச்சமாயிற்று என்று கட்டடக் குழுவினராகிய யாமும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி பிழையானது என்பதை ஒளியாது எடுத்துரைக்கவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

பிழை கூட்டலிலோ கழித்தலிலோ இல்லை. பொக்கிஷதாரின் ஏட்டில் ஒரு காசும் தவறவில்லை. யாம் கேட்ட கேள்வியே குறையுடையது. எவ்வளவு செலவிட எண்ணினோம், எவ்வளவு செலவிட்டோம் என்னும் இரண்டினை மட்டுமே ஒப்பு நோக்கினோம். அச்செலவிற்கு ஈடாக எவ்வளவு வேலை எழுந்துள்ளது என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்டிலோம். வயலில் உழவுக்கும் விதைக்கும் ஆன செலவு குறைந்தது என்று மகிழ்பவன், விதைத்தது அரை வயலே என்பதை மறந்தால் அவன் மகிழ்ச்சி அறுவடை நாள் மட்டுமே நிற்கும்.

இம்மூன்றாவது கேள்வியை முறையாகக் கேட்டு விடைகாணும் கணக்கிற்கு ஈட்டிய மதிப்பு முறை என்று பெயர். அமெரிக்க நாட்டுப் பாதுகாப்புத் துறையார் தம் பெரிய ஒப்பந்த வேலைகளுக்காக 1967ஆம் ஆண்டில் 35 விதிகளாக இதனை வகுத்தனர். 1998இல் அது அந்நாட்டின் தொழில் நியமமாக 32 நெறிகளுடன் வெளிவந்தது. பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கத்திலேயே ஒரு விலை குறித்து வைத்தல் வேண்டும். அவ்வேலை முடிந்த பின்னரே அவ்விலை ஈட்டப்பட்டதாகக் கொள்ளல் வேண்டும். செய்து முடிக்க உண்மையில் என்ன செலவாயிற்று என்பது வேறு கணக்கு.

இம்முறையை நம் விடுதிக்குப் பொருத்திக் காண்போம். மொத்த மதிப்பீடு 120 இலட்சம். காலம், ஆனி தொடங்கி வைகாசி முடியப் பன்னிரண்டு மாதம். மாதம் ஒன்றுக்கு 10 இலட்சத்து வேலை. ஆதலின் ஐப்பசி முடிய நடந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 50 இலட்சம். நடந்தது யாது? அஸ்திவாரம் முற்றும் முடிந்தது. அதன் குறித்த விலை 24 இலட்சம். தூண்களும் கீழ்த்தளத்துக் கூரையும் சேர்ந்த வேலையின் விலை 24 இலட்சம். அதில் சரிபாதியே முடிந்துள்ளது. எனவே 12 இலட்சம். ஆக, ஈட்டிய மதிப்பு 36 இலட்சம். செலவோ 48 இலட்சம். இன்னும் பயன்படாது களத்தில் அடுக்கியுள்ள கம்பியும் சிமெண்டும் இச்செலவில் சேர்க்கப்படவில்லை.

இதன் பொருள் யாது? 48 இலட்சம் கொடுத்து 36 இலட்சத்து வேலை பெற்றோம். அஃதாவது நாம் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 75 காசு வேலையே எழுந்தது. 50 இலட்சத்து வேலை நடக்கவேண்டிய காலத்தில் 36 இலட்சத்து வேலையே நடந்தது. அஃதாவது நூற்றுக்கு 72 பங்கு வேகத்தில் செல்கின்றோம். 2 இலட்சம் மிச்சம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் 12 இலட்சம் மிகை செலவிட்டு, 14 இலட்சத்து வேலை பின்தங்கி நிற்கின்றோம்.

இனி வருவதை முன்னறிதலே இக்கணக்கின் முதற்பயன். இதே விகிதம் தொடருமாயின், 120ஐ 0.75ஆல் வகுக்க, முடிவுச் செலவு 160 இலட்சமாகும். பன்னிரண்டு மாதத்தை 0.72ஆல் வகுக்க, ஏறத்தாழப் பதினாறு மாதமும் இருபது நாளும் ஆகும். வைகாசியில் திறக்கவேண்டிய விடுதி அடுத்த ஐப்பசியில்தான் திறக்கும். ஜூன் மாதத்தில் கல்லூரி சேரும் பெண்மக்களை எங்கே தங்க வைப்பது?

ஆயினும் ஒரே எண்ணைக் கண்டு கலங்குதலும் தகாது. காரணத்தை ஆராய்தல் வேண்டும். இப்பக்கத்துக் கரிசல் மண் யாம் எதிர்பார்த்ததினும் ஆழம் சென்றமையால், 24 இலட்சத்து அஸ்திவாரத்திற்கு 33 இலட்சம் ஆயிற்று. அது மீண்டும் வாராத செலவு. இனி வரும் 84 இலட்சத்து வேலை யாவும் குறித்த விலைக்கே முடியுமெனில் மொத்தம் 132 இலட்சத்தோடு நிற்கும். ஆனால் மண்ணின்மேல் முழுப் பழியையும் சுமத்த இயலாது. தூண் வேலையில் 12 இலட்சத்து வேலைக்கு 15 இலட்சம் ஆயிற்று. அங்கேயும் ரூபாய்க்கு 80 காசே கிடைத்தது. எஞ்சிய வேலையும் அவ்விகிதத்தில் நடப்பின் மொத்தம் 153 இலட்சமாகும். ஆகவே 132, 153, 160 என மூன்று முன்மதிப்பீடுகளை உங்கள்முன் வைக்கின்றோம். முதலாவது நம் ஆசை. நடுவில் உள்ளதே இன்று நம்பத்தக்கது.

‘கையில் 72 இலட்சம் இருக்கின்றதே, சிக்கனமாக முடித்து விடலாகாதோ?’ என்று சிலர் வினவக்கூடும். 72 இலட்சத்தில் 84 இலட்சத்து வேலையை முடிக்க, ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் 17 காசு வேலை பெறல் வேண்டும். இதுவரை 75 காசு பெற்றவர் நாளை முதல் 117 காசு பெறுவோம் என்பது நம்பிக்கையன்று, தன்னையே ஏமாற்றிக் கொள்ளுதலாகும்.

இவ்வேமாற்றம் பெரியோரையும் விடுவதில்லை. அமெரிக்கக் கடற்படைக்கென ஏ-12 என்னும் போர்விமானத்தை ஆக்கும் வேலையில், ஈட்டிய மதிப்புக் கணக்கு வரப்போகும் மிகைச்செலவைக் காட்டியிருந்தும், பொறுப்பாளர் அதனினும் நல்ல மதிப்பீட்டையே மேலிடத்திற்கு அறிவித்து வந்தனர். 1991 ஜனவரியில் அத்திட்டம் முழுதும் கைவிடப்பட்டது. கணக்கு இருந்தது, அதனைக் கேட்கும் செவி இல்லை.

கணக்கே இல்லாதவிடத்துச் சொற்கள் எவ்வாறு மயக்கும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டா. நமக்கு அணித்தே தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. 45 மாதம் கெடு குறித்தது. 2019 ஜனவரி 27ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது. ஜப்பான் நாட்டு ஜைக்கா நிறுவனத்துடன் 2021இல் கடன் ஒப்பந்தமாயிற்று. குறித்த 45 மாதமும் நிறைவுறும் 2022 செப்டம்பரில், 95 விழுக்காடு வேலை முடிந்தது என்று மதுரையில் ஒரு தலைவர் கூறினார். நேரிற் சென்று பார்த்தவர்கள் மருத்துவமனைக் கட்டடம் எதனையும் கண்டிலர். முன்னேற்பாட்டு வேலைகளில் 95 விழுக்காடு என்பதே அதன் பொருள் என்று பின்னர் விளக்கம் வந்தது. தலைமைக் கட்டட வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். அதற்கு முன்பே, 2022இல், முதல் அணி மாணவர் 50 பேர் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அமர்ந்து பயிலத் தொடங்கியிருந்தனர்.

எக்கட்சியையும் குறைகூறல் எம் நோக்கமன்று. சங்க மேடை அதற்குரியதும் அன்று. யாம் கொள்ளும் பாடம் இரண்டு. ஒன்று, விழுக்காடு என்று எவர் கூறினும் ‘எதில் விழுக்காடு?’ என்று கேட்டல் வேண்டும். மதில் கட்டி முடித்தல் மருத்துவமனை கட்டி முடித்தலாகாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னரே விலை குறித்திருந்தால் இம்மயக்கம் எழாது. மற்றொன்று, தோப்பூர் மதிப்பீடு உயர்ந்ததற்கு 150 படுக்கைகள் கொண்ட தொற்றுநோய்ப் பிரிவைப் புதிதாகச் சேர்த்ததும் ஒரு காரணம். வேலை கூடினால் மதிப்பீடு கூடுதல் இயல்பே. ஆனால் எந்நாளில் எவ்வேலை எவ்வளவிற்குச் சேர்ந்தது என்பதை எழுதி வைக்காவிடின், வளர்ச்சி எது, வீண் எது என்று பிரித்தறிதல் இயலாது.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் நேர்மையன்று. சுவர் கோணலா நேரா என்பதை இக்கணக்கு கூறாது. எளிதான வேலைகளை முன்னர் முடித்து மதிப்பை உயர்த்திக் காட்டவும் இடமுண்டு; கூரைக்கு முன் சுற்றுச்சுவருக்குச் சுண்ணம் பூசுதல் போல்வது அது. வேலை முழுதும் முடியுங்கால், எத்துணைத் தாமதமாயினும், கால விகிதம் ஒன்றென்றே காட்டும். எனவே கடைசி மாதங்களில் நாள்காட்டியையே நம்புதல் வேண்டும். இக்கணக்கு விளக்கே ஆகும். வழி நடப்பவர் நாமே.

ஆகவே மகாசபையின்முன் மூன்று பிரேரணைகள் வைக்கின்றோம். முதலாவது, திட்ட மதிப்பு, ஈட்டிய மதிப்பு, செலவு என்னும் மூன்று எண்களும் திங்கள்தோறும் நம் பத்திரிகையில் வெளிவருதல் வேண்டும். இரண்டாவது, முடிந்த வேலையை ஒப்பந்தக்காரர் அல்லாத ஒருவர் அளந்து கையொப்பமிடல் வேண்டும். இத்தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் நம்மவருள் அளக்க வல்லார் பலர் உளர். மூன்றாவது, 33 இலட்சம் மேலும் திரட்டுவதா, அன்றி மேல்தளத்தைப் பின்வைத்துக் கீழ்த்தளத்து அறைகளை முதலில் முடித்து வைகாசிக்குள் மாணவியரை அமர்த்துவதா என்பதை இன்றே முடிவு செய்தல் வேண்டும். பின்னதே தக்கது என்பது எம் கருத்து. கார்த்திகையில் முடிவு செய்தால் இரு வழியும் திறந்திருக்கும். சித்திரையில் முடிவு செய்யப் புகுந்தால் ஒரு வழியும் இராது.

நம் பழைய மண்டபம் கூரையின்றித் தூண்களோடு நின்ற ஆண்டுகளை மூத்தோர் மறந்திரார். அன்றும் ஏட்டில் கணக்கு நேராகவே இருந்தது; பணம் தீர்ந்த பின்னரே வேலை தீரவில்லை என்று தெரிந்தது. இவ்விடுதிக்கென வந்த பணத்தில், மகளின் திருமணத்திற்கென வைத்த நகையை விற்றுத் தந்த தாயின் பங்கும் உண்டு. ‘என் பெண்ணுக்கு அறை எப்பொழுது கிடைக்கும்?’ என்று அவர் கேட்டால், கையொலியை விடையாகக் கொடுக்க இயலாது. நாள் குறித்துச் சொல்லல் வேண்டும். அந்நாளைப் பொய்யாது சொல்லும் வலிமையை இறைவன் நமக்கு அருள்வானாக.