ஆறிப்போன புண்

(பனமரத்துப்பட்டி குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ‘இனப்பெருக்க நலன்’ பாடம் வந்தால், பால்வினை நோய்ப் பகுதியை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பல ஆண்டுகள் தாண்டிப்போனவன் நான். ஒருநாள் பழைய மாணவர் ஒருவர் தேடி வந்தார். கர்ப்பிணியான மனைவிக்கு வழக்கமாக எடுக்கும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, கிரந்தி என்று உறுதியாகியிருந்தது. “எனக்கு முன்னாடி ஒரு புண் வந்துச்சு சார். வலிக்கவே இல்ல, தானா ஆறிடுச்சு. அதான் விட்டுட்டேன்” என்றார்.

அந்தத் ‘தானா ஆறிடுச்சு’தான் இந்நோயின் தந்திரம். சிபிலிஸ் எனும் கிரந்தியை உண்டாக்குவது டிரிப்போனிமா பாலிடம் என்ற திருகு வடிவ பாக்டீரியா. 1905இல் ஜெர்மனியில் ஷாடின், ஹாஃப்மன் இருவரும் கண்டறிந்தார்கள். தொற்றிய சுமார் 3 வாரத்தில், கிருமி நுழைந்த இடத்தில் வலியில்லாத புண் வரும். 3 முதல் 6 வாரத்தில் மருந்தில்லாமலே மறையும். மறைந்தது புண் மட்டும். கிருமி அதற்குள் இரத்தத்தில் பரவியிருக்கும்.

சில வாரம் கழித்துக் காய்ச்சல், நெறிகட்டுதல், திட்டுத்திட்டாக முடி உதிர்தல், உடலில் தடிப்பு. உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு வரும், பெரும்பாலும் அரிக்காது. அரளி பறிக்கும் நம் ஊரில் பால் பட்டதென்று விட்டுவிடுவார்கள். இதுவும் மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இருக்காது. இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். சிகிச்சை பெறாத சிலருக்கு 10 முதல் 30 ஆண்டுகள் கழித்து இதயப் பெருந்தமனி, மூளை என்று தாக்கும்.

பென்சிலின் இதைக் குணப்படுத்தும் என்று 1943இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி காட்டினார். ஆரம்ப நிலைக்கு இன்றும் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தவணை. நாள்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று. ஆனாலும் அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, நோயுள்ள கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் தராமல் ‘ஆய்வு’ நடத்தினார்கள். நான் பக்கத்தைத் தாண்டியது அதற்கு ஈடல்ல. இருந்தாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தம்பதியர் இருவருக்கும் உரிய நேரத்தில் ஊசி போடப்பட்டது. விட்டிருந்தால் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ நடந்திருக்கலாம். குழந்தை நலமாகப் பிறந்தது.

இப்போது அந்தப் பகுதியை நானே வாசித்து நடத்துகிறேன். கரும்பலகையில் ‘வலிக்காது, மறையும், போகாது’ என்று எழுதுகிறேன். அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம் என்பதையும் சொல்கிறேன். கேள்விகளைப் பெயரில்லாத துண்டுச்சீட்டில் வாங்குகிறேன். சென்ற ஆண்டு வந்த முதல் சீட்டு: “ஊசி போட்டுக் குணமானால் மறுபடி வராதா?” வரும். மீண்டும் தொற்றினால் மீண்டும் புண்ணிலிருந்து தொடங்கும்.