துறை கடந்த லொறிகள்

திருகோணமலை நகருக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த ஊர் மூதூர். நகரையும் ஊரையும் கடல் பிரிக்கின்றது. மக்கள் இயந்திரப் படகிலேறிக் குடாவைக் குறுக்கே கடந்துவிடலாம். நெல் மூடைகளையும் மரங்களையும் சுமந்த லொறிக்கு அவ்வழி இல்லை. அது கிண்ணியா வழியாகக் கரையைச் சுற்றியே வரவேண்டும். அத்தெருவிலோ கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நீர்த்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிட்டன. பாலங்கள் அமையாத அக்காலத்தில் லொறிகள் ‘பாதை’யில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தன. வண்டிகளை ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்குக் கிழக்கிலங்கை மக்கள் வழங்கும் பெயர் பாதை என்பதாகும்.

அந்நாளில் இலங்கைத் தெருக்களில் ஓடிய லொறிகளிற் பெரும்பாலானவை பிரித்தானியாவில் உருவானவை. பெட்போர்ட், ஒஸ்டின், கொமர், அல்பியன், லேலன்ட் என்னும் பெயர்கள் பாமர மக்களின் நாவிலும் பழகியிருந்தன. அவற்றுள் பெட்போர்ட் 1931ஆம் ஆண்டில் தோன்றியது. லூட்டன் நகரில் இருந்த வாக்ஸோல் நிறுவனம் அதனை வெளியிட்டது. இத்தகைய வண்டிகள் பல நாடுகளுக்கு எஞ்சினும் சேசியுமாகவே ஏற்றுமதியாயின. அவற்றின்மேல் பலகைப் பெட்டி அமைப்பது அந்தந்த நாட்டுத் தச்சரின் வேலை. ஆகவே, ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு லொறிகள் இரண்டு ஊர்களில் இருவேறு தோற்றங் கொண்டன.

இரண்டாம் உலகப்போர் திருகோணமலைக்குப் படை வண்டிகளைக் கொண்டுவந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அப்போர்க்காலத்தில் பெட்போர்ட் நிறுவனம் மட்டும் பிரித்தானியப் படைகளுக்காக இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து கொடுத்தது. போர் ஓய்ந்தபின் படைகளுக்கு வேண்டாத வண்டிகள் பல நாடுகளில் விலைக்கு வந்தன. குண்டுகளைச் சுமந்தவை நெல்லையும் விறகையும் சுமக்கத் தொடங்கின.

அத்தகைய லொறியைச் செலுத்துவது இலேசான காரியமன்று. கியர் மாற்றும்போது கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் வேகத்தைக் காதால் அறிந்து இணைக்கவேண்டும். தவறினால் பற்சக்கரங்கள் அலறும். பற்றரி தளர்ந்திருந்தால் கிளீனர் முன்னே நின்று ஹான்டிலைச் சுழற்றவேண்டும். பாரமேற்றிய வண்டியைத் துறையின் சரிவில் மெல்ல இறக்கிப் பலகைகளின்மேல் நேராக ஏற்றி, மிதவையின் நடுவில் நிறுத்துவதோ தனிக் கலை. ஒருபுறம் பாரம் மிகுந்தால் பாதை சாயும். அக்கலையை எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. கிளீனராக நின்றவன் சாரதியைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

இத்தகைய வண்டிகளைப் போற்றிக் காப்பதற்குப் பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. 1962 முதல் இலண்டனிலிருந்து பிறைற்றன் வரை பழைய லொறிகளும் பேருந்துகளும் அணிவகுத்துச் செல்லும் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. லேலன்ட் நகரில் 1983ஆம் ஆண்டு அதற்கென ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. லொறி அன்பர்கள் ஒன்றுகூடினால் பழைய புகைப்படங்களை ஒருவருக்கொருவர் காட்டி, வண்டியின் வகையையும் ஆண்டையும் வாதிட்டுத் துணிவதே அவர்களுக்குப் பெரும் இன்பம்.

மூதூர்ப் பக்கத்துப் பழைய படம் ஒன்று கிடைத்தாலும் அவ்வாறே ஆராயலாம். எஞ்சின் முன்மூக்காக நீண்டு நிற்காமல், சாரதியின் இருக்கைக்குப் பின்னே அடங்கியிருக்கும் பெட்போர்ட் என்றால், அது 1960இல் வெளிவந்த டீ.கே. வகையாகலாம். இலக்கத் தகடும் பேசும். 1957ஆம் ஆண்டு தொடக்கம் புதிய வண்டிகளின் தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ இடம்பெற்றது. தமிழ்ப் பகுதிகளில் அதனை எதிர்த்து இயக்கம் நடந்தது. ஆங்கில எழுத்துடன் காணும் லொறி அதற்கு முன்னே பதிவானது எனக் கொள்ளலாம். எனினும் தகடு சொல்வது வண்டியின் வயதையே. படம் எடுத்த நாளை அன்று. அதனைச் சொல்லத்தக்கவர் அருகில் நின்ற மனிதரே.

அம்மனிதர்கள் குறைந்து வருகின்றனர். படங்களோ அவர்களுக்கும் முன்னரே அழிந்தன. 2004 டிசம்பரில் கடல் பொங்கி மூதூர்க் கரையை அழித்தது. 2006 ஆகஸ்டில் மூண்ட சண்டையில் ஊர் மக்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு வெளியேறினர். அவ்வேளையில் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எடுக்க எவருக்கு நேரமிருந்திருக்கும்?

வண்டிகளும் மறைந்தன. 1986ஆம் ஆண்டில் பெரிய லொறிகளின் உற்பத்தியை ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டதோடு பெட்போர்டின் பெருமை சுருங்கியது. ஜப்பானிய லொறிகளும் இந்திய லொறிகளும் அவ்விடத்தைப் பிடித்தன. லேலன்ட் என்னும் பெயர் மட்டும் சென்னை எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலன்ட் மூலம் இலங்கைத் தெருக்களில் நிலைத்தது. 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மணிக்கணக்காகத் துறையில் காத்துநின்ற பயணம் நிமிடக்கணக்காயிற்று. அது மக்களுக்குக் கிட்டிய பெரும் நன்மை. பாதையில் நோயாளியோடு காத்திருந்தவர் எவரும் அக்காலம் மீளவேண்டுமென்று விரும்பார்.

ஆயினும், அந்நாளில் ஊரின் நெல்லைச் சந்தைக்குச் சேர்த்தவர் யார், எந்த வண்டியில், எத்தனை துறை கடந்து சேர்த்தார் என்பதை வருங்காலம் அறிதல் வேண்டும். எஞ்சினின் அளவும் செய்த ஆண்டும் தொழிற்சாலை ஏடுகளில் பதிவாயின. இறால்குழித் துறையில் இரவு முழுவதும் காத்துநின்ற சாரதியின் பெயர் அங்கே கிடைக்காது. ஆகவே, மூதூரிலோ கிண்ணியாவிலோ பழைய லொறிப் படம் ஒன்றை வைத்திருப்போர், வீட்டு முதியவரிடம் கேட்டுச் சாரதியின் பெயர், கிளீனரின் பெயர், ஏற்றிய பாரம், சென்ற ஊர் ஆகிய நான்கையும் அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்தல் நலம். கேட்டால் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அதனைச் செய்துவிடவேண்டும்.